தந்தியை அறையும் கை: ராயபுரம் முதல் எண்ணூர் வரை

டபுள் பேஸின் தந்தியில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மடித்து மாட்டி, பலகையை விட்டு வெளியே இழுத்து விட்டால், அது திரும்பி வந்து விரற்பலகையில் மோதும். சுரத்தோடு சேர்ந்தே ‘டக்’ என்று மரச் சத்தம் கிளம்பும். அடுத்த கணமே அதே கை விரிந்து தந்திகளைப் பலகையோடு சேர்த்து அறைந்தால், சுரமே இல்லாத வெறும் அடி ஒன்று விழும். இழுப்பும் அறையும் மாறி மாறி வரும் இந்த வாசிப்புக்கு ஸ்லாப் என்று பெயர். கருவி ஏறத்தாழ ஆறடி உயரம். நான்கு தந்திகள். மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. வயலின் குடும்பத்தில் பிறந்த இந்தக் கருவியை வில்லால் இழைத்து வாசிப்பதே மரபு. அதைத் தோல்வாத்தியமாகவும் ஆக்கிக்கொண்டவர்கள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்துக் கறுப்பினக் கலைஞர்களும் அவர்களோடு வாசித்தவர்களும்.

சென்னையில் ஸ்லாப் கற்றுத்தரும் இடத்தைத் தேடினால் எளிதில் அகப்படாது. திரையிசைக் கூடங்களில் டபுள் பேஸ் பல பத்தாண்டுகள் இருந்தது. அங்கே அதன் வேலை வில்லால் இழைத்தலும் மென்மையான மீட்டலும்தான். ஆனால் ஸ்லாப்புக்கு வேண்டிய கை இந்த ஊரில் உண்டு. ராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டி வடக்கே போகும் பாதையில் அந்தக் கையைப் பார்க்கலாம், கேட்கலாம், கற்கவும் செய்யலாம்.

ராயபுரம்

ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் 1856-ஐச் சேர்ந்தவை. தென்னிந்தியாவின் முதல் ரயில் அந்த ஆண்டு ஜூலை 1 அன்று இங்கிருந்து ஆற்காட்டுப் பக்கம் புறப்பட்டது. ரயிலும் துறைமுகமும் அருகருகே இருக்கும் ஊரில் பல ஊர்களின் பாட்டும் பல ஊர்களின் சோறும் வந்து தங்கிவிடும். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்களின் குடும்பத்தார் தள்ளுவண்டிகளில் அத்தோ கலக்குகிறார்கள். நூடுல்ஸும் வெங்காயமும் புளித்தண்ணீரும் பொரித்த தட்டையும் சேர்ந்த அந்தக் கலவையை வண்டிக்காரர் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதிக்கிறது. ராயபுரத்துக்குள் 1910-இல் எழுந்த பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய புனித பேதுரு தேவாலயமும் அங்கேதான்.

நியூ ஆர்லியன்ஸும் இப்படிப்பட்ட ஊர்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடன அரங்குகளிலும் படகுகளிலும் தெரு ஊர்வலங்களிலும் வாத்தியக் குழுக்களுக்கு ஓயாத வேலை இருந்தது. ஒலிபெருக்கி கிடையாது. கார்னெட்டும் டிராம்போனும் முழங்கும் இடத்தில், வில்லால் இழைத்த டபுள் பேஸ் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்டிருக்காது. பில் ஜான்சன், பாப்ஸ் ஃபாஸ்டர், ஸ்டீவ் பிரவுன், வெல்மன் பிராட் ஆகியோர் தந்தியை இழுத்து அறைந்து வாசித்தார்கள். பில் ஜான்சனின் வில் ஒருநாள் முறிந்துபோனதால்தான் எல்லாம் தொடங்கியது என்று ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. வில் முறிந்திருக்கலாம், முறியாமலும் இருக்கலாம். கேட்காத கருவியைக் கேட்கவைக்க வேண்டும் என்ற நெருக்கடியே போதுமான காரணம். வெல்மன் பிராட் 1927 முதல் டியூக் எலிங்டனின் குழுவில் இருந்து இந்த முறையை இசைத்தட்டுகளில் பதித்தார். மில்ட் ஹின்டன் 1939-இல் கேப் காலோவே குழுவோடு பதிவு செய்த ‘பிளக்கின் த பேஸ்’ ஸ்லாப்பை முன்னிறுத்தியே அமைந்த உருப்படி. அதை ஒருமுறை கேட்டவருக்கு, ஒரே கருவி எப்படி இரண்டு ஆள் வேலையைச் செய்கிறது என்பது விளங்கிவிடும்.

1954 ஜூலை 5 அன்று மெம்பிஸ் நகரின் சன் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் வெற்றிப் பாட்டைப் பதிவு செய்தபோது கூடத்தில் டிரம்ஸே இல்லை. ஸ்காட்டி மூர் கிட்டார் வாசித்தார். பில் பிளாக்கின் டபுள் பேஸ் சுரத்தையும் கொடுத்து, தாளத்தையும் தாங்கியது. ஸ்லாப் பிறந்ததும் பிழைத்ததும் இப்படித்தான். ஒரு கருவி குறையும் இடத்தில் இன்னொரு கருவி அதன் வேலையையும் எடுத்துக்கொள்கிறது. வடசென்னையின் கானாவுக்கும் இதே பிறப்புதான்.

காசிமேடு: துறைமுகம்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விசைப்படகுகளிலிருந்து கூடைகள் இறங்குகின்றன. ஐஸ் கட்டிகளை உடைக்கும் ஓசை ஒரு பக்கம், ஏலக்காரரின் குரல் இன்னொரு பக்கம். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கடம்பா, நெத்திலி, கவளை எனக் கூறு கூறாகக் குவிகிறது. “இன்னா வோணும் கண்ணு? சங்கரா பாரு, இப்பதான் எறங்குச்சி” என்று கூப்பிடும் பெண்கள், பேசிக்கொண்டே மீனைத் திருப்பிச் செவுளைக் காட்டுகிறார்கள். ஏலக்காரர் தொகையை ஏற்றும்போது சொற்கள் ஒரே இடைவெளியில் விழுகின்றன. விலை நின்றதும் தாளமும் அறுந்து நிற்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாள்களில் துறைமுகத்தின் ஓசை மாறுகிறது. மரப்படகுகளின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, உளியும் சுத்தியுமாக அடித்து இறுக்குகிறார்கள். இருவர் ஒரே படகில் வேலை செய்தால் ஒருவர் அடிக்கு நடுவே மற்றவர் அடி விழுகிறது. நிழலில் உட்கார்ந்து வலை கட்டுபவர்களின் விரல்கள் வலையூசியோடு ஓடிக்கொண்டே இருக்கின்றன.

ஸ்லாப் கற்பவர் கவனிக்க வேண்டிய பொருள் ஒன்று இந்தத் துறைமுகக் கடைகளில் சுருள் சுருளாகத் தொங்குகிறது: தூண்டில் நரம்பு. தொடக்ககால டபுள் பேஸ்களில் ஆட்டுக்குடலில் திரித்த தந்திகளே இருந்தன. அவை இறுக்கம் குறைந்தவை. தொலைவாக இழுக்கலாம், விரலையும் அவ்வளவாக அறுக்காது. பின்னால் வந்த எஃகுத் தந்திகள் சுரத்தில் துல்லியமானவை, ஸ்லாப்புக்கோ கடினமானவை. குடல்தந்தியின் விலை கட்டுப்படியாகாத அமெரிக்க வாசிப்பாளர்கள் சிலர், புல் வெட்டும் இயந்திரத்தில் சுழலும் கனத்த நைலான் இழையையே டபுள் பேஸில் மாட்டிக்கொண்டார்கள். அது நன்றாகவே வேலை செய்ததால், இன்று அந்தப் பாணியிலேயே நைலான் தந்திகள் செய்து விற்கப்படுகின்றன. கடலில் மீனை இழுக்கும் நைலானும் அதே வகைப் பொருள்தான்.

தந்தியும் கழியும் கவிழ்த்த பாத்திரமும் இருந்தால் ஏழையின் டபுள் பேஸ் தயார். அமெரிக்கத் தெற்கில் துணி துவைக்கும் தகரத் தொட்டியைக் கவிழ்த்து, அதன் நடுவில் துளையிட்டுத் தந்தியைக் கோத்து, மறுமுனையை ஒரு கழியின் தலையில் கட்டினார்கள். கழியின் அடி தொட்டியின் விளிம்பில் நிற்கும். கழியைச் சாய்த்தால் தந்தி தளர்ந்து சுரம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். தமிழ்நாட்டு லாவணிக் கட்சிகளில் டேப் என்னும் தோல்வாத்தியத்தோடு சேர்ந்து ஒலித்த துந்தினாவின் அமைப்பும் இதுவே. ஓர் உருளை, அடியில் தோல், தோலின் நடுவிலிருந்து எழும் ஒற்றைத் தந்தி, பக்கத்தில் கழி. காசிமேட்டில் கிடைக்கும் நரம்பும் மூங்கிலும் தகர டின்னும் கொண்டு இதை ஒரு பிற்பகலில் கட்டிவிடலாம். விரற்பலகை இல்லாததால் இதில் அறையைப் பழக முடியாது. இழுப்பைப் பழகலாம். தந்தியைக் கிள்ளாமல், விரலை மடித்து மாட்டி வெளியே இழுத்து, சட்டென்று விடும் பழக்கம் விரலுக்கு வந்துவிட்டால் ஸ்லாப்பின் முதல் பாதி முடிந்தது.

விரல் கொப்புளிக்கும். தொடக்கத்தில் எல்லோருக்கும் கொப்புளிக்கிறது. தூண்டில் நரம்பை இழுப்பவர்கள் விரலில் துணியோ ரப்பரோ சுற்றிக்கொள்கிறார்கள். ஸ்லாப் வாசிப்பவர்கள் பசைநாடா சுற்றுகிறார்கள். கொப்புளம் உடைந்த விரலோடு தொடர்ந்து வாசிப்பவருக்குக் கை பின்வாங்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிற்பாடு நீக்குவது கடினம். ஆகவே தினமும் சிறிது நேரம், வலி தொடங்கும் முன் நிறுத்தம் என்ற முறையே சரி.

காசிமேடு: சந்துகள்

துறைமுகத்திலிருந்து உள்ளே திரும்பினால் வீடுகள் நெருங்கிய சந்துகள். மாலையில் வாசற்படிகளில் மீன் வறுபடுகிறது. சுறாப்புட்டு கிளறும் வாசனை பூண்டோடும் பச்சைமிளகாயோடும் தெரு முனைவரை வருகிறது. சாவு விழுந்த வீட்டின் முன்னே பந்தல் போட்டு, இரவு முழுவதும் மரண கானா பாடும் வழக்கம் இந்தப் பகுதியின் உயிரான மரபு. போனவரின் பெயரையும் உழைப்பையும் உறவையும் பாட்டில் கோத்துப் பாடுகிறார்கள். கேட்பவர்கள் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், விடியும்வரை விழித்திருக்கிறார்கள். கானா உலகநாதன் 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் மீன்களின் கல்யாணத்தைப் பாடியபோது தமிழ்நாடு முழுவதும் கேட்டது இந்தத் தெருக்களின் குரலைத்தான்.

கையில் வாத்தியம் இல்லாதபோது கானாக்காரர்கள் மேசையையும் தகரத்தையும் பானையையும் தீப்பெட்டியையும் தட்டிப் பாடியிருக்கிறார்கள். வாத்தியம் கிடைத்த இடங்களில் டோலக், சட்டி மேளம், டேப், கட்டமோளம் சேர்ந்தன. இதில் டபுள் பேஸின் இடத்தை எடுத்துக்கொள்வது டோலக்கின் இடப்பக்கம். அங்கே தோலின் உட்புறத்தில் கனமான மசாலா பூசியிருப்பதால் ஓசை தாழ்ந்து விரிகிறது. உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோலில் அழுத்தி நகர்த்தினால் அந்தத் தாழ்ந்த ஓசை வளைந்து ஏறும். மிருதங்கக்காரர்கள் தொப்பியில் கொடுக்கும் கும்கியும் இதே வகை. வலப்பக்கத்தின் மெல்லிய தோலில் விரல்கள் கூர்மையான அடிகளைத் தருகின்றன. ஸ்லாப்பில் ஒரே கை செய்யும் இரண்டு வேலைகள், டோலக்கில் இரண்டு கைகளுக்குப் பிரிந்திருக்கின்றன.

வாசற்படியில் டோலக்கை மடியில் சாய்த்து உட்கார்ந்திருக்கும் மூத்த வாசிப்பாளர், பழகவரும் பையனின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறார். “அடிச்சிட்டு கைய அங்கியே வச்சிக்கினு இருக்காத தம்பி. எட்து வுடு. தோலு பேசட்டும்.” பையன் “சரிண்ணா” என்று மறுபடி தொடங்குகிறான். கடினமான இடம் இதுதான். கை தோலைத் தொட்டவுடன் துள்ளி எழுந்தால் ஓசை திறந்து கேட்கும். அங்கேயே தங்கினால் மூடிய அடியாகிவிடும். இரண்டும் வேண்டும். எது எங்கே என்பது தெரிந்திருக்க வேண்டும்.

டபுள் பேஸில் இந்தப் பாடம் தலைகீழாகவும் வரும். இழுத்த சுரம் ஒலிக்கும்போது இடக்கை தந்தியை உறுதியாக அழுத்தியிருக்கும். அறை விழும் கணத்தில் இடக்கை அழுத்தத்தைத் தளர்த்தி, தந்தியைத் தொட்டபடியே நிற்கும். முழுதும் எடுத்துவிட்டால் வெறுந்தந்தி முழங்கிவிடும். எடுக்காமலே இருந்தால் முந்தைய சுரத்தின் வால் அறைக்குள் நீளும். வலக்கையில் விசை விரலிலிருந்து வரக்கூடாது, முன்கை சுழல்வதிலிருந்து வர வேண்டும். டோலக் வாசித்துப் பழகியவருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. கிட்டாரிலிருந்து டபுள் பேஸுக்கு வருபவர் விரலால் பலம் காட்டித் தோளை இறுக்கிக்கொள்வார்.

பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது. சட்டியும் டோலக்கும் பறையும் கட்டமோளமும் கிட்டாரோடும் டிரம்ஸோடும் சரிசமமாக நின்றன. வடசென்னையிலிருந்து வந்த கானா பாடகி இசைவாணியின் பெயர் 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றது. சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்டவற்றின் நுட்பம் பெரிய மேடையில் தெளிவாகக் கேட்டது. இசைப் பள்ளிகள் இந்த வாசிப்பாளர்களை ஆசிரியர்களாக அழைக்காமலிருப்பது இழப்பு. அந்த இழப்பு முதலில் மாணவருக்கு.

திருவொற்றியூர்

தண்டையார்பேட்டையைக் கடந்து திருவொற்றியூர் தேரடிக்கு வந்தால் இசையின் முகம் மாறுகிறது. தியாகராஜர் கோயிலின் வடிவுடையம்மன் மீது திருவையாற்றுத் தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பையர், குப்பையரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர் என்று கர்நாடக இசையின் பெரிய கிளையொன்று இந்த வட்டாரத்தோடு பிணைந்தது. மயிலாப்பூர் சபாக்களில் இன்று குளிர்ந்த அரங்கில் கேட்கும் உருப்படிகள் சில, உப்புக்காற்று வீசும் இந்த ஊரின் அம்மனைப் பாடியவை.

வீணையில் நான்கு தந்திகள் சுரத்துக்கு. பக்கவாட்டில் இருக்கும் மற்ற மூன்றும் தாளத்துக்கு. சுட்டுவிரலும் நடுவிரலும் கீர்த்தனையை மீட்டிக்கொண்டிருக்க, அதே கையின் சுண்டுவிரல் தாளத் தந்திகளைக் கீழிருந்து மேலாகத் தட்டுகிறது. மெட்டையும் தாளத்தையும் ஒரே கை பிரித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, ஸ்லாப்புக்கு மிக நெருங்கிய உறவு. வீணை கற்ற பிள்ளைகள் சுண்டுவிரலைத் தனியாக இயக்கப் பழகும் மாதங்களை மறக்கமாட்டார்கள். முதலில் தாளத் தந்தியை மட்டும் தட்டி, பிறகு அதன்மேல் சுரத்தை வைப்பார்கள். ஸ்லாப்பிலும் அந்த வரிசையே நல்லது. சுரமே இல்லாமல், தந்திகளை இடக்கையால் தொட்டு அடக்கிவிட்டு, இழுப்பையும் அறையையும் மட்டும் சீராக வரவைத்த பிறகே இடக்கையை நகர்த்த வேண்டும்.

சொல்கட்டு இங்கே பெரிய துணை. இழுப்பு ஒன்று, அறை இரண்டு என்று மூன்றடியாக வரும் ஸ்லாப்பை மேற்கத்தியப் பாடநூல்கள் அம்புக்குறிகளால் விளக்குகின்றன. தமிழ்நாட்டில் அதை வாயால் சொல்லிவிடலாம்: தகிட. ‘த’வில் இழுப்பு, ‘கி’யில் அறை, ‘ட’வில் மறுபடி அறை. திஸ்ர நடையில் இதைச் சொல்லிக்கொண்டே கையை ஓட்டினால் மூன்று அடிகளின் இடைவெளியும் சமமாக நிற்கும். நடுவிலுள்ள ‘கி’யை மனதுக்குள் மட்டும் சொல்லி, ‘த’வையும் ‘ட’வையும் வாசித்தால், ஜாஸின் ஊஞ்சல் நடை தானே வந்துவிடுகிறது. நான்கடிக்கு தகதிமி. அதில் ஒன்றுவிட்டு ஒன்று இழுப்பும் அறையும். கானாவிலும் குத்திலும் திஸ்ரம் நிறைய புழங்குவதால், டோலக் கேட்டு வளர்ந்த காதுக்கு தகிட புதிதல்ல. வேகம் கூட்டும்போதும் சொல்கட்டு காப்பாற்றும். வாய் தடுமாறும் வேகத்தில் கை வாசிக்கக் கூடாது.

இந்த ஊருக்கென்றே ஒரு தாழ்ந்த துடிப்பும் இருந்தது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர் ஆலையில் புல்லட் மோட்டார் சைக்கிள்களைக் கட்டியது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் மெதுவாக நின்றோடும்போது எழும் ‘டப்… டப்…’ ஓசையில் அடிக்கும் அடிக்கும் நடுவே மௌனம் இருக்கிறது. பேஸ் வாசிப்பவருக்கு அந்த மௌனமும் வாசிப்பில் சேர்த்தி.

எண்ணூர்

கத்திவாக்கத்துக்கு அப்பால் வானம் அகன்றுவிடுகிறது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், நிலக்கரி ஏறும் பட்டைகள், 2001 முதல் இயங்கும் துறைமுகம், இவற்றுக்கு நடுவே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் என்று மீனவர் ஊர்கள் கரையில் நெருங்கி நிற்கின்றன. சாம்பலும் எண்ணெயும் கலந்த நீரில் மீன் குறைந்துவிட்டது என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்த ஆற்றில் படர்ந்ததை ஊர் மறக்கவில்லை. டி. எம். கிருஷ்ணா பாட, கபேர் வாசுகி எழுதிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ 2017-இல் வெளிவந்தது. கர்நாடக ராகங்களில் சென்னைப் பேச்சுத்தமிழ் அமர்ந்தது இந்தக் கழிமுகத்துக்காகத்தான். இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் அமர்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் பனையோலைப் பறியில் போட்டுக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் கண்டுபிடிக்கிறது.

எண்ணூரின் திறந்தவெளியில் ஓசையின் நடத்தை வேறு. டபுள் பேஸின் தாழ்ந்த தந்தி எழுப்பும் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் கூடுதல். அந்த அலையை முழு வலுவோடு காற்றில் செலுத்த அதன் மரப்பெட்டி போதாது. கூடத்துக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும். வெளியிலோ எதுவும் திரும்பி வராது, தாழ்ந்த சுரம் சில அடிகளுக்குள் மெலிந்துவிடும். தந்தி பலகையில் மோதும் ‘டக்’ அதிர்வெண் மிகுந்தது, மனிதக் காது நன்றாகப் பிடிக்கும் எல்லையில் இருப்பது. அதனால் தொலைவுக்குப் போகிறது. பந்தலில் கானா நடக்கும் இரவில் இதை நேரே கேட்டறியலாம். ஆற்றங்கரைவரை வந்து சேர்வது சட்டியின் ஓசை. டோலக்கின் இடப்பக்கத்தைக் கேட்க வேண்டுமானால் பந்தலுக்குள் உட்கார வேண்டும். பழைய நடன அரங்குகளில் ஸ்லாப் செய்ததும் சட்டியின் வேலையையே. ஆகவே வெளியில் வாசிப்பவர் அறையைத் தெளிவாக்க வேண்டும். சிறிய கூடத்தில் வாசிப்பவர் அறையைப் பாதியாகக் குறைத்து, இழுப்பின் சுரத்தை முன்னே விட வேண்டும்.

கடற்காற்று கருவியையும் விடாது. குடல்தந்தி ஈரத்தை உறிஞ்சிச் சுருதி மாறும். எஃகுத் தந்தி உப்பில் துருப்பிடிக்கும். முழுமரத்தில் செய்த பெட்டி, மழைக்காலத்தில் உப்பிக் கோடையில் காய்ந்து, பசை விட்டுப் பிளக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கரையில் பழகுபவருக்கு ஒட்டுப்பலகையில் செய்த உடலும் நைலான் தந்தியும் ஏற்றவை. அந்தப் பெட்டி அறையையும் நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு. எல்விஸ் காலத்து ராக்கபில்லி இசையை வாசிப்பவர்களில் பலர் அதையே விரும்பி வைத்திருக்கிறார்கள். வாசித்து முடித்ததும் தந்திகளையும் விரற்பலகையையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வியர்வையும் உப்பும் சேர்ந்து படிந்தால் தந்தி வழவழப்பு இழந்து, அடுத்த நாள் விரலைக் கிழிக்கும்.